உங்கள் மெஷின், உங்கள் கை

தங்கையா சேரின் இலக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்து வருடக்கணக்காகிவிட்டது. தொண்டையில் சத்திரசிகிச்சை செய்து குரல்வளையை எடுத்த பிறகு அவர் யாரையும் அழைத்ததில்லை. எழுதித்தான் அனுப்புவார். அதனால் அன்று காலை, குழாயடியில் கறிக்கு லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அவருடைய பெயரைக் காட்டி அடித்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஈரக் கையோடு எடுத்தேன். மறுமுனையில் அவருடைய மனைவி சரசு அக்கா. "டீச்சர்" என்றார். "விடியக்காலையில போயிட்டாரு" என்று சொன்னார். "சரிக்கா, நான் வாரேன்" என்று சொல்லி, குழாயை மூடிவிட்டு, அப்படியே ராகலை பஸ் ஏறினேன்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னது என் மருமகள் டிலானி. தங்கையா சேரின் ஒரே மகள். "ரொம்ப புகழ்ந்து எழுதாதீங்க மாமி, அப்பாவுக்குப் புடிக்காது" என்று எச்சரித்துவிட்டுத்தான் கேட்டாள். கவலைப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவருடைய ஆசிரிய சேவையைப் பற்றி பாடசாலை அதிபர் எழுதுவார். கோவில் கமிட்டியில் அவர் போட்ட சண்டைகளைப் பற்றி, அந்தச் சண்டையில் தோற்றவர்கள் மரியாதையாக எழுதுவார்கள். நான் எழுதப்போவது அவருடைய வீட்டுக் கணினியைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ராகலைக்கு மேலே இருக்கும் எங்கள் பாடசாலையில் அவர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் தமிழ் படிப்பித்தேன். பல வருடம் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, ஒரே பிளாஸ்கிலிருந்து பாலில்லாத சாயத்தண்ணி குடித்தோம். நாங்கள் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய மகளும் என் மகன் சுரேனும் கல்யாணம் கட்டிக்கொண்டதால் சம்பந்திகளும் ஆனோம். ஆனால் கடைசிவரை அவர் எனக்கு 'சேர்', நான் அவருக்கு 'டீச்சர்'. உறவுமுறை சொல்லிக் கூப்பிட இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

லினக்ஸ் என்ற பெயரை ராகலையில் முதலில் உச்சரித்தவர் அவராகத்தான் இருக்கவேண்டும். கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த நாளில் எங்கள் பாடசாலையில் இருந்த பென்டிரைவ்கள் ஒன்றுவிடாமல் வைரஸ் பிடித்துக் கிடந்தன. எங்கள் எல்லோருடைய வீட்டுக் கணினியிலும் யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த மென்பொருள்தான் ஓடியது. தங்கையா சேர் தன்னுடைய கணினியை மொத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டார். "களவெடுத்த சாமானுக்கு ஆயுத பூசை செய்ய எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். பிறகு எங்களில் யார் வாய் தவறி, கணினி மெதுவாக ஓடுகிறது என்று சொன்னாலும் மறுநாள் ஒரு பென்டிரைவோடு வந்து நின்றுவிடுவார். அவரைக் கண்டு ஒளிந்துகொண்டவர்கள் இந்த மலரிலும் எழுதியிருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

என்னுடைய மடிக்கணினியும் அப்படித்தான் மாறியது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தவணைப் பரீட்சை சமயத்தில், நான் தட்டிவைத்திருந்த வினாத்தாளைத் திறந்தால் தமிழையே காணவில்லை. பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அழுகை வராத குறை. ஆளனுப்பிச் சொன்னதும் பாடசாலை விட்ட கையோடு வந்தார். என் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கடைசியா என்ன செஞ்சீங்க?"

"நான் ஒன்னும் செய்யல சேர்."

"ஒன்னும் செய்யாதவங்க வீட்டுலதான் எல்லாம் நடக்கும். யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தேன். முந்தின நாள், இடம் போதவில்லை என்று, எதற்கென்று தெரியாத ஒரு கோப்புறையை அழித்திருந்தேன். அதற்குள்ளேதான் என் தமிழ் எழுத்துருக்கள் இருந்திருக்கின்றன. அதைச் சொன்னதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நான் மவுஸை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்களே செஞ்சிருங்களேன் சேர். எனக்கு நாளைக்குப் பேப்பர் குடுக்கணும்."

அவர் கை பையைவிட்டு வெளியே வரவில்லை. "உங்க மெஷின், உங்க கை" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வார்த்தை சொல்லி உதவாமல், என் வீட்டு சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எங்கெங்கோ போய், திரும்பி வந்து, கடைசியில் குப்பைத்தொட்டியின் படம் போட்ட இடத்துக்குள் அந்தக் கோப்புறையைக் கண்டுபிடித்து, பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பினேன். வினாத்தாளில் தமிழ் வந்து உட்கார்ந்தது. உடனே எழுந்து போய்விடுவார் என்று பார்த்தால், "இப்ப என்ன செஞ்சீங்கன்னு ஒருக்கா சொல்லுங்க" என்றார். தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக ஒப்புவித்தேன். அதன் பிறகு அந்தத் தொல்லைக்காக அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தவர் மவுஸை அவர் தொட்டு நான் பார்த்ததேயில்லை. அதிபருடையது என்றாலும் அதே கதைதான். திமிர் என்று சிலர் நினைத்தார்கள். கொஞ்சம் திமிரும் இருந்தது.

தன்னுடைய கணினியிலும் அவர் மோசமாக மாட்டிக்கொண்டதுண்டு. ஒரு விடுமுறைக்கு, சரசு அக்காவைக் கதிர்காமம் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். புறப்பட இருந்த நாளில் கணினியில் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கையில் இடி இடித்து, கரண்ட் போய், கணினி பாதியில் அணைந்தது. திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் மின்னிக்கொண்டு நின்றது. பயணம் நின்றுபோனது. நான் போய்ப் பார்த்தபோது சரசு அக்கா அடுப்படியில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தார். இவர் தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளித்த முகத்தோடு, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். சரியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல. ஆனா இன்னைக்கு எது இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டேன்" என்றார்.

ஒரு நாளைக்கு ஒன்றை மாற்றிப் பார்ப்பார், அதுதான் அவர் முறை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடுமாம். மாற்றியது பலிக்கவில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். விடுமுறை முடிவதற்குள் கணினி எழுந்துகொண்டது. சரசு அக்கா மட்டும் சமாதானமாகவில்லை. "கதிர்காமத்த அந்தக் கறுப்புத் தெரையிலதான் காட்டுனாரு" என்று, போன வருடம்கூட ஒரு கல்யாண வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற கொஞ்ச காலத்தில் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. வகுப்பறையில் அவர் போடும் சத்தம் கீழே தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குரலை வெட்டி எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துவாரம், அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி. உயிர் பிழைத்தார் என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அவர் சந்தோஷப்பட்டாரா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அவருக்கு நோயைவிடப் பெரிய தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. எல்லோரும் அவருக்காகப் பேசத் தொடங்கினார்கள். கடையில் கடைக்காரர், கிளினிக்கில் பக்கத்துக் கதிரைக்காரர், பென்ஷன் கந்தோரில் அவருடைய அண்ணன் கருப்பையா. காது நன்றாகக் கேட்கும் மனிதனிடம் ஊரே கத்திப் பேசியது. சரசு அக்கா இன்னும் ஒரு படி மேலே. அவர் வாயை அசைப்பதற்குள் இவர் முடித்துவிடுவார். "சாயத்தண்ணி வேணுமாம்." "குளுருதாம், கதவ சாத்தணுமாம்." "டீச்சர இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றாரு." பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். அதுதான் சேருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒருநாள் கையிலிருந்த கோப்பையை மேசையில் அடித்து வைத்துவிட்டு எழுந்து போனதை நான் பார்த்தேன். சரசு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பேசலன்னா யாரு பேசுவா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்குப் பதிலைத் தங்கையா சேரே தேடிக்கொண்டார். தட்டுகிற எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்று லினக்ஸில் உண்டு. கண் தெரியாதவர்களுக்காகச் செய்தது. அதற்குத் தமிழும் தெரியும் என்று அவர் கண்டுபிடித்தார். என்னை வரச்சொல்லி எழுதியிருந்தார். போனேன். அவர் புதிதாக வாங்கியிருந்த மடிக்கணினிக்கு முன்னால் உட்காரவைத்து, ஏதோ தட்டிவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

"வ-ணக்-கம் டீச்-சர்" என்றது கணினி.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "பெரிய தொரை தமிழ் பேசுற மாதிரியே இருக்கு சேர்" என்றேன். அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு. அதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன், பிறகு பழகிவிட்டது.

அதைச் சீர்படுத்தும் வேலைக்கு, தமிழ் டீச்சரின் காது வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் வேகத்தைக் குறைப்பார். கேட்டு அபிப்பிராயம் சொல்லவேண்டும். இன்னொருநாள் குரலைத் தடிப்பாக்குவார். பிறகொருநாள் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு மாற்றம்தான். மொத்தத்தையும் ஒரேயடியாக மாற்றித் தொலையுங்களேன் என்று எனக்கு வாய்வரை வரும். கையை சால்வைக்குள் இழுத்துக்கொண்டு சும்மா இருப்பேன். சில வாரங்களில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. "இப்ப சின்னத் தொரை ஆயிருக்கு" என்றேன். அவர் தட்டினார். கணினி சொன்னது: "கண்டாக்கு ஆகும்வரை விடமாட்டேன்." தோட்டத்தில், தமிழைக் கடித்துப் பேசும் நிர்வாகிகளான துரைமாருக்குக் கீழே மலையில் வேலை வாங்கும் கண்டாக்குமார்தான் நம்மைப் போலத் தமிழ் பேசுவார்கள். அந்தக் கணினி கடைசிவரை கண்டாக்கு ஆகவில்லை. சின்னத் தொரையாகவே நின்றுவிட்டது.

அடிக்கடி சொல்லவேண்டியதை ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு வாக்கியம் கொடுத்து வைத்தார். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைச் சின்னதாக வெட்டி ஒட்டி, அதன்மேல் பேனையால் அடையாளம் போட்டிருந்தார். ஒன்றை அழுத்தினால் "சாயத்தண்ணி வேணும்." ஒன்றை அழுத்தினால் "டாக்டர், நானே சொல்றேன்." வரிசையின் கடைசி விசையை அழுத்தினால், "சரசு, நான் இன்னும் பேசி முடிக்கல."

அந்தக் கடைசி விசைக்குத்தான் வேலை அதிகம். அதன் பிளாஸ்டரில் இருந்த அடையாளம் அழுத்தி அழுத்தியே அழிந்துபோனது. ஒவ்வொரு முறையும் சரசு அக்கா, "சரி சரி, முடிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டி முடிப்பதற்குள் மறுபடியும் ஆரம்பித்துவிடுவார்.

இனி பரிசத்தைப் பற்றி. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சுரேனும் டிலானியும் விரும்பினார்கள், எங்களுக்கும் சம்மதம். பரிசம் போட நாள் பார்த்தோம். நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். தட்டு மாற்றும்போது மாப்பிள்ளை வீட்டார், "பரிசம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்று மூன்று தரம் சொல்லவேண்டும். பெண் வீட்டார், "பொண்ணு உங்களுது, பரிசம் எங்களுது" என்று மூன்று தரம் திருப்பிச் சொல்லவேண்டும். சபையில் எல்லோருக்கும் கேட்க, வாய்விட்டுச் சொல்லவேண்டும். வழக்கமாக அப்பாக்கள் சொல்வார்கள். சுரேனின் அப்பா, அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். தாலி இழந்தவள் தட்டைத் தொடக்கூடாது என்பதால் என் அண்ணன் சொல்வதாக ஏற்பாடு. தங்கையா சேருக்குக் குரல் இல்லை என்பதால் அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் கருப்பையா சொல்வதாக ஏற்பாடு. இதையெல்லாம் எங்கள் இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது பழகிப்போன விஷயம். நான் வளர்த்த பிள்ளைக்காக வேறொருவர் பேசுவதைப் பாயில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது என்று மனதைத் தயார்படுத்தியிருந்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பரிசத்துக்கு முதல் ஞாயிறு, விஷயங்களைப் பேசி முடிக்க அவருடைய வீட்டில் கூடினோம். கருப்பையா அண்ணன் யார் எங்கே உட்காருவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கையா சேர் தட்டத் தொடங்கினார். சரசு அக்கா, "அவரு சரிங்கிறாரு" என்றார். கடைசி விசையின் சத்தம் வந்தது. "சரசு, நான் இன்னும் பேசி முடிக்கல." எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"மகேஸ் டீச்சர் சொல்லுவாங்க. நான் சொல்லுவேன். வேற யாரும் வேணாம்" என்றது கணினி, என் பெயரைச் சொல்லி.

கருப்பையா அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "தம்பி, அவங்க தாலி இல்லாதவங்க. நல்ல காரியம். நாளைக்கு ஏதாவது ஒன்னுன்னா ஊரு என்ன பேசும்? அதோட மெஷினு சொல்றதெல்லாம் ஒரு வாக்கா?"

தங்கையா சேர் பதிலுக்கு நிதானமாகத் தட்டினார். "கொரல் இல்லாதவன் வேணாம், தாலி இல்லாதவங்க வேணாம்னா, இந்தப் புள்ளைங்களப் பெத்தவங்கன்னு யாரும் மிஞ்சல. மெஷின் என்னோடது. வார்த்தையும் என்னோடது."

என் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் சொல்றேன்" என்றேன். கருப்பையா அண்ணன் அரைமனதோடு தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். நல்ல நேரத்துக்குள் கணினி பேசவேண்டும், பேசாவிட்டால் அவர் எழுந்து சொல்லிவிடுவார்.

பரிச நாளன்று தேங்காயும் பழமும் பூவும் சேலையும் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு சபையில் உட்கார்ந்தேன். எதிரில் ஒரு முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கணினி. அதற்குப் பின்னால் தங்கையா சேர், அவருக்குப் பக்கத்தில் சரசு அக்கா. மூன்று தரமும் தெளிவாகச் சொன்னேன். "பரிசம் உங்களுது, பொண்ணு எங்களுது." சபையில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

தங்கையா சேர் விசையை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடியும் அழுத்தினார். வரவில்லை.

சபை சலசலத்தது. கருப்பையா அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழுந்தார். "நேரம் போகுது தம்பி, நான் சொல்லிர்றேன்." தங்கையா சேர் உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முதலில் ஒலியளவைப் பார்த்தார்; முழுதாக இருந்தது. பிறகு சத்தம் அடைக்கும் விசையைப் பார்த்தார், அது அணைந்திருந்தது. அவசரம் அவசரமாக அவர் எல்லாவற்றையும் அழுத்தவில்லை. அந்தச் சபைக்கு நடுவிலும் ஒன்று, பிறகு ஒன்று. சரசு அக்கா திரையைப் பார்த்து வாசித்துச் சொன்னார். "ஹெட்போன்னு காட்டுது. ஹெட்போன் எங்க இருக்கு? ஒன்னும் போடலியே."

அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நான்தான் எதிர்ப்பக்கம் இருந்தேன். கணினியின் நாலு பக்கமும் அழகாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பக்கவாட்டில் ஹெட்போன் சொருகுகிற சின்ன வட்டத் துவாரத்தின் மேல் ஒரு தடித்த பொட்டு. எட்டிப்போய் அதைத் தோண்டிவிட என் கை துடித்தது. தட்டை இறக்கி வைக்கவும் முடியாது. ஆனால் என்னைத் தடுத்தது தட்டு மட்டுமல்ல.

"சேர்" என்றேன். "கடைசியா அதுக்கு என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சரசு அக்காவைப் பார்த்தார்.

"நான் ஒன்னும் செய்யல" என்றார் சரசு அக்கா. பிறகு மெதுவாக, "பொட்டு வெச்சேன். குத்துவெளக்குக்கு வெச்சேன், சொம்புக்கு வெச்சேன், இதுவும் நல்லதுதானே பேசப்போகுதுன்னு இதுக்கும் நாலு பக்கமும் வெச்சேன்" என்றார்.

தங்கையா சேர் கணினியைத் திருப்பிப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. சந்தனம் உள்ளே இறங்கி, ஹெட்போன் சொருகியிருப்பதாக நினைத்துக்கொண்டு கணினி தன் ஒலிபெருக்கியை அடைத்துவைத்திருக்கிறது. ஈரச் சந்தனத்தை அந்த நேரத்தில் துப்புரவாக எடுக்கமுடியாது. அவர் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தார். ஒலிக்கான பட்டைகள் வரிசையாக நின்ற அந்தத் திரையின் ஓரத்தில் 'ஓட்டோ மியூட்' என்றொரு வரி இருந்தது. ஹெட்போன் சொருகினால் ஒலிபெருக்கியைத் தானாக அடைக்கச் சொல்லும் வரி. அதை மட்டும் நிறுத்தினார். கருப்பையா அண்ணன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். தங்கையா சேர் விசையை அழுத்தினார்.

"பொண்ணு உங்களுது, பரிசம் எங்களுது."

அந்தச் சின்னத் தொரைக் குரலைக் கேட்டு, பின்வரிசைப் பெண்களில் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாம் தரம் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் கணினி சொல்லச் சொல்ல, தங்கையா சேரின் உதடும் கூடவே அசைந்தது. டிலானி அழுதுகொண்டிருந்தாள். கருப்பையா அண்ணன் உட்கார்ந்தார். நான் தட்டை நீட்டினேன், தங்கையா சேர் வாங்கிக்கொண்டார். என் வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு கௌரவப்படுத்தியதில்லை. அதை அவரிடம் நான் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

அந்தத் துவாரத்திலிருந்த சந்தனத்தை அவர் பிறகும் சுத்தம் பண்ணவேயில்லை. ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும், வாசமா இருக்கு" என்று கணினியைச் சொல்லவைப்பார்.

கல்யாணம் முடிந்து சில காலம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு கட்டி திரும்பி வந்தது. கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் கணினி. டாக்டர்மார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். சரசு அக்கா வாயைத் திறந்தார், பிறகு தானாகவே மூடிக்கொண்டு அவரைப் பார்த்தார். அவர் வெகுநேரம் எடுத்துத் தட்டினார். "இனி எது வேலை செய்யாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு டீச்சர்." சாயத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, சரசு அக்கா என்னை வரச்சொன்னார். சேருடைய படத்துக்குப் பக்கத்தில் கணினியை வைத்திருந்தார். "இது பேசமாட்டேங்குது டீச்சர்" என்றார். "நானும் எல்லாத்தையும் அழுத்திப் பாத்துட்டேன். கெட்டுப்போச்சா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையின் மூலையில் ஒலிபெருக்கிப் படத்தின் மேல் ஒரு கோடு விழுந்திருந்தது. ஒரு விசையை அழுத்தினால் முடிந்தது. என் விரல் அவ்வளவு தூரம் போய்விட்டது. பிறகு கையை இழுத்து சால்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

"கடைசியா என்ன செஞ்சீங்கக்கா?"

"ஒன்னும் செய்யலியே."

"யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தார். வெளியே கொழுந்து லொறி ஒன்று போய், சத்தம் ஓய்ந்தது. "அவர எடுத்த அன்னைக்கு," என்றார், "வந்த புள்ளைங்க யாராச்சும் கை பட்டு, கூட்டத்துக்கு நடுவுல அது பேசிறக்கூடாதுன்னு, சத்தத்த அடைச்சேன்." விசைகளின் மேல் குனிந்து தேடினார். நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவரே கண்டுபிடித்து அழுத்தினார். மூலையிலிருந்த கோடு மறைந்தது.

பிறகு, என்னைக் கேட்காமல், அடையாளம் அழிந்துபோன அந்தக் கடைசி விசையை அழுத்தினார்.

"சரசு, நான் இன்னும் பேசி முடிக்கல."

சரசு அக்கா அழவில்லை. இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரிங்க, சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு, கணினியைப் பார்த்தபடி காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வாய் ஒருமுறைகூட அசையவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். தமிழ் டீச்சர், அதற்குச் சொல் பஞ்சமில்லை. ஒன்றையும் சொல்லவில்லை. என் கைகள் சால்வைக்குள்ளேயே இருந்தன. அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தங்கையா சேரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.